ஒரு சின்னப் படமும் அதன் பின்னால் ஒரு வெளிச்சமும்: ஒளிவட்டம் செய்த வேலைப் பதிவு

கிளிநொச்சிப் பக்கம் ஸ்ரூடியோ வைத்திருப்பவர்களிடம் ஒளிவட்டம் கேட்டு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். சாமத்தியவீட்டு அல்பத்தில் பிள்ளையின் தலையைச் சுற்றி மினுக்கம் வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்கவும், வீட்டில் மாலை போட்டு வைக்கவும் பெரிய படம் கேட்பவர்கள் மறுபக்கம். முதலாவது சுலபமான வேலை. நல்ல கமராவில் எடுத்த படம், கறுத்த தலைமுடி, வேண்டிய அளவு பிக்சல். இரண்டாவதில்தான் கை நிறைய வேலை. 2009இல் இடம்பெயர்ந்த வழியிலேயே அல்பங்களைப் பறிகொடுத்த வீடுகள் இங்கே ஏராளம். மிஞ்சியிருப்பது பல வீடுகளில் அடையாள அட்டைக்காக எடுத்த சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். அப்படி வந்த ஒரு படத்தில் செய்த வேலையை, இதே வேலை செய்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் உதவும் என்று விபரமாக எழுதுகிறேன்.

ஒளிவட்டம் என்றதும் எல்லோரும் வெளிச்சத்தைக் கூட்டத்தான் போவார்கள். நான் முதலில் பார்ப்பது இருட்டை. பின்னணியை எவ்வளவு தணிக்கிறோம், தலைமுடியின் நிறத்துக்கும் பின்னால் வரும் ஒளிக்கும் எவ்வளவு வித்தியாசம் விடுகிறோம் என்பது சரியாக அமைந்தால் ஒளி தன்பாட்டில் எழும்பி நிற்கும். அது பிழைத்தால் எத்தனை ஒளி லேயர் (கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) போட்டாலும் மா தூவினது போலத்தான் இருக்கும்.

படத்தைக் கொண்டுவந்தவர் விசுவமடுப் பக்கத்து அண்ணை ஒருவர். பொலித்தீன் உறைக்குள், அதற்குள் இன்னொரு உறைக்குள் இருந்தது படம். வயதான அம்மா. வெள்ளை முடி, பின்னால் இழுத்துக் கட்டிய கொண்டை, காதில் சின்னத் தோடு. இடது கன்னத்தில் தண்ணீர்க் கறை.

“தம்பி, இது ஒண்டுதான் இருக்கு. முகத்தில ஒண்டும் மாத்திப்போடாதேங்கோ. பின்னால வெளிச்சம் வந்தால் காணும்.”

“சாமிப் படத்தில வாற வட்டம் மாதிரியோ அண்ணை, இல்லாட்டிச் சும்மா வெளிச்சமோ?”

“வட்டம் வேண்டாம். விடியப்பறம் முத்தம் கூட்டேக்க கிழக்கு வெளிக்குமெல்லே, அப்பிடி.”

இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்டுவிட வேண்டும். கோயிலில் உற்சவருக்குப் பின்னால் இருக்கும் திருவாசி விளிம்பு உள்ள ஒளி. சுடர்கள்கூட எண்ணக்கூடியதாக இருக்கும். மாதா படங்களில் தலையைச் சுற்றி வரும் வளையமும் அப்படித்தான். ஆட்களுடைய படத்துக்குச் சில வீட்டார் அதையே விரும்புவார்கள், சில வீட்டாருக்கு அது மனதுக்கு ஒத்துவராது. எனக்கு விளிம்பில்லாத ஒளிதான் பிடிக்கும். அண்ணை சொன்னதில் நிறமும் இருந்தது. விடியற்காலைக் கிழக்கு என்றால் செம்மஞ்சள் அல்ல, சாம்பல் கலந்த வெளிர் மஞ்சள். பின்னணி இன்னும் விடியாத நீலச் சாம்பல்.

ஸ்கான் பண்ணும் வேலையில் அவசரப்படக் கூடாது. படம் 35 மில்லிமீற்றர் அகலம், 45 மில்லிமீற்றர் உயரம். 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளியில், ஸ்கான் பண்ணினால் ஏறக்குறைய 1650க்கு 2100 பிக்சல் வரும். 12க்கு 15 அங்குலப் பிறின்ற்றுக்கு அது அங்குலத்துக்கு 140 பிக்சல்வரை நிற்கும். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது காணும். பழைய படக் கடதாசிகளில் பட்டுத்துணி போலச் சொரசொரப்பு இருக்கும். ஸ்கானரின் வெளிச்சம் ஒரு பக்கத்தால் மட்டும் வருவதால் அந்தச் சொரசொரப்பின் நிழல் முகம் முழுக்கப் புள்ளியாக விழும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு தடவை ஸ்கான் பண்ணுங்கள், பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு தடவை. இரண்டாவதைக் கணினியில் நிமிர்த்தி முதலாவதின் மேல் சரியாகப் பொருத்தி, மேலுள்ள லேயரின் ஒப்பாசிட்டியை (அடியில் உள்ளதை மறைக்கும் அளவை) 50 சதவீதமாக்குங்கள். எதிரெதிர்ப் பக்க நிழல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். முகத்தின் சுருக்கம் ஒன்றும் கெடாது. ஸ்கானரில் 16 பிட் கிறேஸ்கேல் இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஒளிக்கு நிறம் வேண்டும் என்பதால் போட்டோஷொப்பில் திறந்தவுடன் நிறம் தாங்கும் ஆர்ஜிபி முறைக்கு மாற்றிவிடலாம்.

கன்னத்துக் கறையை ஹீலிங் பிரஷ்ஷால், புது லேயரில், மிகச் சின்ன அளவில் துடைத்தேன். கறைக்கு அடியில் ஒரு சுருக்கக் கோடு ஓடியது. அதைத் தடவிப்போடாமல், கறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரிந்த கோட்டின் நுனிகளை இணைத்துவிட்டேன். முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் இப்போது எல்லோருடைய போனிலும் இருக்கின்றன. அவை மங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு வேறு யாருடையதோ போன்ற ஒரு கண்ணை வரைந்து வைக்கும். இந்தப் படங்களுக்கு அவற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு வீட்டில் ஒரே ஒரு படம் இருக்கும்போது, பேரப்பிள்ளைகள் அம்மம்மாவை அறியப்போவது அந்த முகத்தை வைத்துத்தான். பின்னணியில் இருந்த கறைகளைத் துடைக்கவே இல்லை. அந்தப் பின்னணி எப்படியும் போகப்போகிறது.

அடுத்தது ஆளைப் பிரித்தெடுப்பது. ஆளைத் தானாகத் தெரிவு செய்யும் செலக்ட் சப்ஜெக்ட் தோளையும் முகத்தையும் நன்றாகப் பிடித்தது, முடியில் திணறியது. வெள்ளை முடி, பின்னால் வெளிர்ச் சாம்பல் திரை. திணறத்தான் செய்யும். செலக்ட் அண்ட் மாஸ்க்குக்குள் போய் முடி ஓரத்தில் மட்டும் றிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷை ஓட்டினேன். தோளுக்கும் சேலைக் கரைக்கும் பென் டூல்தான் நல்லது, அங்கே கோடு சுத்தமாக இருக்க வேண்டும். காதோரம் பிரிந்து நின்ற மயிர் இரண்டு மூன்றைச் சின்னப் பிரஷ்ஷால் மாஸ்க்கிலேயே (லேயரில் எது தெரியும், எது மறையும் என்று தீர்மானிக்கும் படலம்) கையால் இழுத்துவிட்டேன். பிரித்ததும் ஆளுக்குப் பின்னால் கறுப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றுமாக இரண்டு லேயர் வைத்து மாறி மாறிப் பாருங்கள். கறுப்பில் பழைய திரையின் வெளிர் ஓரம் பல்லிளிக்கும். வெள்ளையில் முடியின் ஓட்டைகள் தெரியும். பழைய ஓரம் தெரிந்தால் மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கினால் போதும். அதற்கு மேல் சுருக்கினால் முடி வெட்டின மாதிரி ஆகிவிடும்.

இனி ஒளி.

போட்டோஷொப்பில் லேயர் ஸ்டைலில் இருக்கும் அவுட்டர் குளோ எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கிளிக், வேலை முடிந்தது. ஆனால் அது வெட்டின கோட்டை அளவாக வைத்து, காதைச் சுற்றியும் தோளைச் சுற்றியும் ஒரே அகலத்தில் ஒளியை ஓட்டும். உண்மையான ஒளி அப்படி வராது. இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் நின்று, மேற்கே சூரியனை வைத்துக்கொண்டு உங்களை நோக்கி வரும் ஆட்களைப் பாருங்கள். முடியின் ஓரம் கம்பி கம்பியாக எரியும். காது மடல் சிவக்கும், ஒளி தசைக்குள்ளால் ஊடுருவி வருவதால். சட்டைத் தோளில் ஒரு மெல்லிய கோடு மட்டும், அதுவும் துணியைப் பொறுத்தது. ஆளைச் சுற்றிய காற்றில் தூசி இருந்தால் ஒளி அகலமாகப் பரவும், மழை பெய்து ஓய்ந்த நாளில் பரவாது. ஒளிவட்டம் செய்யப் பழகுகிறவர்களுக்கு நான் காட்டும் முதல் பாடம் இதுதான்.

செய்த முறை இது. கோப்பு 16 பிட்டில் இருக்கிறது. அடியில் நீலச் சாம்பல் பின்னணி. நடுவில் கொஞ்சம் வெளிப்பு, மூலைகளில் நல்ல இருட்டு. ஆளின் மாஸ்க்கில் கன்ட்ரோலை அழுத்திக் கிளிக் பண்ணினால் ஆளின் வடிவம் அப்படியே தெரிவாகும். அதை வெளிர் மஞ்சளால் நிரப்பிப் புது லேயராக ஆளுக்கு அடியில் வைத்தேன். அதையே ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் ஆக்கினால் பிறகு புளர் (மங்கலாக்கும்) அளவை மாற்றிக்கொள்ளலாம். இப்படி மூன்று லேயர், மூன்றிலும் கௌஸியன் புளர். ஒன்றுக்கு 15 பிக்சல், அடுத்ததுக்கு 60, கடைசிக்கு 220. மூன்றும் ஸ்க்ரீன் மோட், அடியில் உள்ளதை வெளிர்க்க மட்டும் செய்யும் கலப்பு முறை.

ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். ஒளி பொருளுக்குக் கிட்ட வேகமாகக் குறையும், தள்ளிப்போகப் போக மிக மெதுவாகத் தேயும். ஒரே ஒரு புளரில் அந்த இரண்டும் வராது. சின்ன அளவு வைத்தால் பட்டி அடித்தது போல நின்றுவிடும், பெரிதாக வைத்தால் ஓரத்தில் உயிர் இருக்காது. சின்னது, நடு, பெரிது என்று மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போதுதான் தேய்வு இயற்கையாக வரும். இன்னொரு விஷயம்: வடிவத்தைப் புளர் பண்ணியவுடன் அதன் ஓரத்தில் ஒளி பாதியாகிவிடும், மற்றப் பாதி ஆளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். ஆகவே நடு லேயருக்கும் பெரிய லேயருக்கும் புளருக்கு முன்னரே வடிவத்தை வெளிப்பக்கம் வீங்க வைக்க வேண்டும். செலக்ட் மெனுவில் மோடிஃபை, எக்ஸ்பான்ட். நடுவுக்கு 40 பிக்சல், பெரியதுக்கு 100.

வெள்ளை முடிதான் இந்த வேலையின் சோதனை. கறுத்த முடிக்காரருக்குப் பின்னால் எவ்வளவு பிரகாசம் போட்டாலும் தலை இன்னும் தெளிவாகத் தெரியும். வெள்ளை முடிக்குப் பின்னால் அதே பிரகாசத்தைப் போட்டால் முடி கரைந்து, நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லாதது போல் ஆகிவிடும். இன்ஃபோ பனலைத் திறந்து, எஃப்8 விசை, முடியின் மேல் மவுஸை வைத்துப் பார்த்தேன். 255க்கு 215, 220 என்று காட்டியது (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை). ஆகவே முடிக்கு உடனே பின்னால் உள்ள ஒளி 155ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். மூலைகள் 28. இந்த மூன்று எண்ணும்தான் படத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. 15 பிக்சல் லேயரின் ஒப்பாசிட்டியை 20 சதவீதத்துக்குக் குறைத்தேன், கறுத்த முடி என்றால் 60 வரை போவேன். நடு லேயர் 45, பெரிய லேயர் 35. அப்படி வைத்தவுடன் முடியின் ஒவ்வொரு இழையும் ஒளிக்கு முன்னால் வந்து நின்றது. ஒளியும் குறைந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் 28க்குப் பக்கத்தில் 155 என்பது கண்ணுக்குப் பெரிய வெளிச்சம்.

மூன்று லேயரையும் ஒரு குறூப்பில் போட்டு, குறூப்புக்கு மாஸ்க் வைத்து, பெரிய மென்மையான பிரஷ்ஷால் தோளுக்குக் கீழே ஒளியைத் தேய்த்துவிட்டேன். படத்தின் அடிக்கோடு வரைக்கும் ஒளி ஓடினால் ஆள் வெளிச்சப் பெட்டிக்குள் இருப்பது போலத் தெரியும். ஒளியின் நடு இடம் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் பார்ப்பவரின் கண் நேரே முகத்துக்குப் போகும். குறூப்பையே பிடித்து மேலே கொஞ்சம் நகர்த்தினேன்.

இந்த இடத்தில் பலர் வேலையை முடித்துவிடுவார்கள். ஆனால் ஆள் இன்னும் ஒட்டி வைத்தது போலத்தான் இருக்கும். பின்னால் ஒளி இருந்தால் அதில் கொஞ்சம் ஆளின் ஓரத்தில் ஏறி வழிய வேண்டும். பின்னணியையும் ஒளியையும் சேர்த்து ஒரு பிரதி எடுத்து, 40 பிக்சல் புளர் பண்ணி, ஆளின் லேயருக்கு மேலே கிளிப் பண்ணி (ஆளின் வடிவத்துக்குள் மட்டும் தெரியும்படி கட்டி), ஸ்க்ரீனில் வையுங்கள். அதற்கு மாஸ்க் ஆளின் மாஸ்க்கைத் தலைகீழாக்கி 20 பிக்சல் புளர் பண்ணியது. இப்போது ஒளி ஓரத்தில் மட்டும், உள்ளே போகப் போகத் தேய்ந்து தெரியும். 35 சதவீதம் போதும். பிறகு மாஸ்க்கில் பிரஷ்ஷை எடுத்து, குளக்கட்டில் பார்த்ததை நினைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். முடியில் முழுசாக விடுங்கள். காதின் மேல் மடலில் விடுங்கள். கன்னத்தின் நிழல் பக்கத்தில் ஒரு நூலளவு விட்டால் அழகு, வெளிச்சப் பக்கத்தில் எடுத்துவிடுங்கள். சேலைத் தோளில் பாதிக்கு மேல் துடைத்துவிடுங்கள். இந்த அம்மாவின் தோட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு ஒளி விழுந்தது. அதை நான் வரையவில்லை, லேயர் தன்பாட்டில் தந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

நிறப்படம் என்றால் காது ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு சேர்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது தேவையில்லை. ஆனால் சாம்பல் நிற ஆளுக்குப் பின்னால் மஞ்சள் ஒளி என்றால் இரண்டும் இரண்டு உலகமாக நிற்கும். ஆளின் மேல் ஒரு மெல்லிய பழுப்புச் சாயம், நிறத்தை மட்டும் மாற்றும் கலர் மோடில் 10 சதவீதம், போட்டவுடன் ஒட்டிக்கொண்டது.

இப்போது 16 பிட் ஏன் என்ற கதை. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். நம்முடைய ஒளி 155இல் தொடங்கி 28இல் முடிகிறது, கிட்டத்தட்ட 127 படி. அது 700 பிக்சலுக்கு மேல் பரவினால் ஒரு படிக்கு ஐந்தாறு பிக்சல், பிறின்ற்றில் ஒரு மில்லிமீற்றர் அகலக் கோடு. ஒளி மெதுவாகத் தேயும் வெளிப்பக்கத்தில் கோடு இன்னும் அகலம். மரத்தின் வளையம் போல இருட்டில் வரி வரியாகத் தெரியும். திரையில் சிலவேளை தெரியாது, பிறின்ற்றில் காட்டிக்கொடுத்துவிடும். 16 பிட்டில் வேலை செய்து, கடைசியில் பின்னணிக்கு மட்டும் ஆட் நொய்ஸ் 1.5 சதவீதம், கௌஸியன், மொனோகுறொமற்றிக் என்று போட்டுவிட்டு 8 பிட்டுக்கு இறக்குங்கள். அந்தத் துகள்கள் படிகளை உடைத்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. பழைய படத்தின் முகத்தில் இயல்பாகவே துகள் இருக்கிறது, புதுப் பின்னணி வழுவழுவென்று இருந்தால் இரண்டும் ஒட்டாது. நொய்ஸ் இரண்டையும் ஒரே கடதாசிக்குக் கொண்டுவந்துவிடும்.

போட்டோஷொப் இல்லாதவர்களுக்கு கிம்ப் இலவசமாக இருக்கிறது. 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்தே 16 பிட்டிலும் 32 பிட்டிலும் வேலை செய்யலாம். 2025இல் வந்த 3.0 பதிப்பில் புளரைப் போட்ட பிறகும் அளவை மாற்றிக்கொள்ளலாம். பிரித்தெடுத்த ஆளின் லேயரில் அல்ஃபா டு செலக்ஷன், பிறகு குறோ, புது லேயரில் நிறம், கௌஸியன் புளர், மோட் ஸ்க்ரீன். மேலே சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும். முடியைப் பிரிப்பதுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். இன்ரநெற் வசதி இருந்தால் புறவுசரிலேயே ஓடும் போட்டோபியாவிலும் இதே லேயர் முறை நடக்கும்.

12க்கு 15 பிறின்ற் வந்ததும் அண்ணை கனநேரம் கையில் வைத்துப் பார்த்தார். “முடி தெரியுது” என்றார். அந்தச் சொல் எனக்குக் காணும்.

கல்வெட்டு வேறு கதை. அட்டை அச்சு நாலு மையில், சிஎம்வைகேயில் (சியான் நீலம், மெஜன்ரா, மஞ்சள், கறுப்பு) போகும். திரையில் ஒளிரும் மஞ்சள் அங்கே மங்கிவிடும். அப்போது ஒளியைக் கூட்டப் போனால் முடி மறுபடியும் கரையும். கன்ட்ரோலையும் Y விசையையும் சேர்த்து அழுத்தி அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பார்த்துக்கொண்டு, பின்னணியை இன்னும் கொஞ்சம் தணித்தேன், மூலைகளை 28இலிருந்து 20க்கு. ஒளியின் நிறத்திலிருந்து நீலத்தின் சாயலை முழுக்க எடுத்துவிட்டேன், மஞ்சள் மை சுத்தமாக விழட்டும் என்று. உள்பக்கங்கள் ஒரே கறுப்பு மையில், சாதாரணக் கடதாசியில் அடிபடும். தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் வரும் பக்கங்கள். அங்கே ஒளிவட்டம் போட்ட படத்தைக் கொடுத்தால் தலையைச் சுற்றிச் சாம்பல் புகையாகத்தான் விழும். உள்பக்கத்துக்கு வெள்ளைப் பின்னணியில் ஆளை மட்டும் வைத்து, முடியின் ஓரத்தைக் கொஞ்சம் அழுத்தமாக்கிக் கொடுத்தேன். வீட்டார் “ஏன் இதில வெளிச்சமில்லை” என்று கேட்டால் இரண்டையும் ஒரு கடதாசியில் அடித்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

கனடாவில் இருக்கும் மகள் வட்ஸ்அப்பில் சதுரப் படம் கேட்டிருந்தா. சதுரத்துக்கு வெட்டும்போது தோள் போய்விடும், ஒளியின் நடு இடமும் மாறிவிடும். குறூப் தனியாக இருந்ததால் அதை மட்டும் கீழே இறக்கி, 220 புளரை 160 ஆக்கி அனுப்பினேன். லேயர்கள் கலைக்காத கோப்பை, முதல் இரண்டு ஸ்கானையும் சேர்த்து, அண்ணையின் பென் டிரைவிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆட்டைத் திவசத்துக்கு (வருட நினைவுக்கு) பத்திரிகையில் நினைவஞ்சலி போடுவார்கள், அதற்கு ஒளி லேயர்களுக்குப் பக்கத்தில் உள்ள கண் குறியை அணைத்துவிட்டு ஆளை மட்டும் எடுத்தால் போதும்.